பந்தி பரிமாற மட்டுமா இளைஞர்கள்?



ஆலயத்தில் இளைஞர்களைக் காணோம் என்று பெரியவர்கள் குறைப்படுகிறோம். அசன விருந்தில் பந்தி பரிமாறவும், பண்டிகைக்குத் தோரணம் கட்டவும் அவர்களைத் தேடுகிறோம். சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியில் வரவுசெலவு பேசும்போது மறந்துவிடுகிறோம். திடப்படுத்தல் சடங்கோடு அவர்களுக்கான போதனையும் நின்றுவிடுகிறது.

பொறுப்பு கிடைத்தால் இளைஞர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு நம் வரலாறே சான்று. வெள்ளாளன்விளையில் பிறந்த வே.ச. அசரியா, 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவாக முன்நின்றபோது முப்பது வயதைத் தாண்டவில்லை. 1912-இல் அவரே தோர்ணக்கல்லின் பேராயராகி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

திடப்படுத்தலுக்குப் பிறகும் வேதபாடம் தொடரட்டும். கேள்வி கேட்பவரை அவிசுவாசி என்று அடக்க வேண்டாம். ஒரு கிராம ஊழியத்தையாவது, அதன் பணப்பொறுப்போடு, இளைஞர்களிடம் ஒப்படையுங்கள். தவறினால் திருத்த மூத்தவர்கள் அருகில் இருந்தால் போதும்.

- சபை உறுப்பினர் ஒருவர்,
பாளையங்கோட்டை