அடுத்த மேக்புக்: ஊகங்கள் காணத் தவறும் இடம்

ஆப்பிள் நிறுவனத்தின் அடுத்த மடிக்கணினி வரிசை பற்றிய ஊகங்கள் பெரும்பாலும் மூன்றையே சுற்றி வருகின்றன: வேகமான சில்லு, ஓஎல்இடி தொடுதிரை, இன்னும் மெலிந்த உடல். இப்போதே வாங்குவதா, காத்திருப்பதா என்று தயங்கும் ஆய்வு மாணவருக்கு இவற்றுள் எதுவும் முதன்மையானதன்று.

2020இல் வந்த எம்1 சில்லை ஒதுக்கிவிட்டால், கடந்த பத்தாண்டுகளில் பயனருக்கு உதவிய மாற்றங்கள் பெரும்பாலும் பழைய பிழைகளின் திருத்தங்களே. 2015இல் நுழைந்த பட்டர்ஃபிளை விசைப்பலகை, பழுதுகளுக்குப் பெயர்பெற்று, 2019 இறுதியிலிருந்து விலக்கப்பட்டது. மேக்புக் ப்ரோவில் 2016இல் நீக்கிய எச்டிஎம்ஐ துளை 2021இல் திரும்பியது. 8 ஜிபியிலேயே நின்ற மேக்புக் ஏரின் அடிப்படை நினைவகம் 2024 அக்டோபரில்தான் 16 ஜிபி ஆனது.

அடுத்துத் திருத்தப்பட வேண்டியது மின்கலம். 2012இன் ரெட்டினா மேக்புக் ப்ரோவில் அது பசையால் ஒட்டப்பட்டது. இன்றும் அதை மாற்றுவது எளிதன்று. நிறுவனம் குறிப்பிடும் ஆயுள் 1,000 மின்னேற்றச் சுழற்சிகள். நாளுக்கு ஒன்றெனக் கணக்கிட்டால் மூன்றாண்டுகூட நிறையாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஒழுங்குமுறைப்படி முனைவர் பட்ட ஆய்வுக்காலமோ 3 முதல் 6 ஆண்டுகள். ஆய்வேடு எழுதும் வேளையில்தான் மின்கலம் தளரும்.

அப்போது புதிதாக வாங்குவது எளிதா? நெட் உதவித்தொகை பெறாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்வோருக்கு நிர்ணயிக்கப்பட்ட தொகை மாதம் 8,000 ரூபாய். எம்4 மேக்புக் ஏர் 2025 மார்ச்சில் இந்தியாவில் அறிமுகமான விலை 99,900 ரூபாய். ஓராண்டுத் தொகையை ஒரு காசும் செலவிடாமல் சேர்த்தாலும் எட்டாத விலை அது.

மாற்றத்துக்கான வலுவான அறிகுறி ஐரோப்பாவிலிருந்து வருகிறது. சாதனங்களில் உள்ள கையடக்க மின்கலங்களைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்னும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, சில விலக்குகளுடன், 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வருகிறது. ஐபோன் 2023இல் யுஎஸ்பி-சிக்கு மாறியதற்குப் பின்னும் அந்த ஒன்றியத்தின் சட்டமே நின்றது. ஆகவே, வருங்கால மேக்புக்கை ஊகிக்க விரும்புவோர் கசிந்த படங்களைக் காட்டிலும் சட்ட நூல்களைப் படிப்பது நல்லது.

இந்தியப் பல்கலைக்கழகங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆய்வகங்களுக்கும் துறைகளுக்கும் மொத்தமாகக் கணினி வாங்கும்போது, மாற்றத்தக்க மின்கலத்தையும் உதிரிபாகங்கள் கிடைக்கும் கால அளவையும் ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனைகளாக்கலாம். தனி மாணவரின் குரலுக்குச் செவிசாய்க்காத நிறுவனங்களும் மொத்தக் கொள்முதலுக்குச் செவிசாய்க்கும்.