உதவி கேட்டால் கதவு அடைபடுமா?



நன்கு படிக்கும் மகனோ மகளோ அமெரிக்காவின் பெயர்பெற்ற கல்லூரி ஒன்றில் இளங்கலை பயில விரும்பினால், பெற்றோர் உள்ளத்தில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. பணத்திற்கு எங்கே போவது என்பது ஒன்று. 'எங்களால் இயலாது, உதவி வேண்டும்' என்று விண்ணப்பத்தில் எழுதினால் இடமே கிடைக்காமல் போய்விடுமோ என்பது மற்றொன்று. முதற் கேள்வியைவிட இரண்டாவதே பலரைத் தவறான வழியில் இட்டுச் செல்கிறது.

செலவின் அளவை முதலில் அறிந்து கொள்ளுங்கள். ஹார்வர்டில் கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு எல்லாம் சேர்ந்து ஆண்டொன்றுக்கு 80,000 டாலரைக் கடந்துவிட்டது. நம் பணத்தில் அது ஏறத்தாழ 70 இலட்சம் ரூபாய். இப்படி நான்கு ஆண்டுகள்! அமெரிக்க அரசு தன் நாட்டு மாணவர்க்கு அளிக்கும் கல்வி உதவி வெளிநாட்டு மாணவர்க்கு இல்லை. ஆகவே, கல்லூரி தன் நிதியிலிருந்து தருவதையே நம்ப வேண்டும்.

இங்கேதான் கல்லூரிகள் இரு வகையாகப் பிரிகின்றன. வெளிநாட்டு மாணவராயினும் குடும்பத்தின் பணவசதியைப் பாராமல் தேர்ந்தெடுப்பவை முதல் வகை. இதனை 'நீடு பிளைண்டு' என்பர். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை இவ்வகையின. டார்ட்மத்தும் போடினும் 2022 இல் இம்முறையை அறிவித்தன. பிரவுன் 2025 இல் சேர்ந்த மாணவர்கள் முதல் இதனைக் கைக்கொண்டது. இங்கெல்லாம் உதவி கேட்பதால் வாய்ப்பு குறையாது. சேர்த்துக் கொண்டபின் தேவை முழுவதையும் கல்லூரியே ஈடு செய்யும்.

ஆயினும் வாசல் மிகக் குறுகியது. ஹார்வர்டுக்கு 2024 சேர்க்கையின்போது விண்ணப்பித்தோர் சுமார் 54,000 பேர். இடம் பெற்றோர் 2,000 பேருக்கும் குறைவு. எம்.ஐ.டி.யில் வெளிநாட்டு விண்ணப்பதாரருள் நூற்றுக்கு இருவர் அளவே தேறுகின்றனர்.

இரண்டாம் வகைக் கல்லூரிகள் வசதியையும் எடை போடுகின்றன. கொலம்பியா, சுவார்த்மோர், பொமோனா போன்றவை சேர்த்துக் கொண்டவரின் தேவையை முழுமையாக நிறைவு செய்யும். ஆனால் வெளிநாட்டு மாணவர்க்கென ஒதுக்கிய நிதிக்கு ஓர் எல்லை உண்டு. தகுதியில் இருவர் சமமாக நின்றால், உதவி வேண்டாதவர் முந்திவிடக் கூடும். கலிபோர்னியா பல்கலைக்கழகம் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு இளங்கலை மாணவர்க்குப் பெரும்பாலும் உதவியே கிடையாது.

'அப்படியானால் தேவையை மறைத்துவிட்டு, இடம் கிடைத்தபின் கேட்போமே' என்று சிலர் எண்ணுவர். அருள்கூர்ந்து அதைச் செய்யாதீர்கள்! விண்ணப்பிக்கும்போதே கேட்காத வெளிநாட்டு மாணவர்க்குப் பின்னர் உதவி இல்லை என்பது பல கல்லூரிகளின் விதி. அன்றியும், ஐ-20 என்னும் படிவத்தைக் கல்லூரி அனுப்புமுன் முதலாண்டுச் செலவுக்கான பணத்தைக் காட்டியாக வேண்டும். விசா அதிகாரியும் அதையே கேட்பார். உறவினர் பணத்தை ஒரு மாதம் கணக்கில் போட்டுக் காட்டுவது பொய்ச் சாட்சியம் அன்றோ? அதன் சுமை பிள்ளையின் தலையில் அல்லவா விழும்!

உதவிக்கான சி.எஸ்.எஸ். புரொஃபைல் விண்ணப்பத்தில் வருமானம், சேமிப்பு, நிலம், வீடு அனைத்தையும் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். வளைகுடாவில் பணிபுரியும் வாப்பா, முதலாளியிடமிருந்து சம்பளச் சான்று பெற்று வைக்கட்டும். கடை நடத்துவோர் மொத்த விற்பனையை வருமானமாக எழுதிவிடாமல், செலவு போக நின்ற இலாபத்தைக் கணக்கோடு காட்ட வேண்டும். விண்ணப்பக் கட்டணத்திற்கும் விலக்குக் கேட்கலாம்.

ஹார்வர்ட், யேல் முதலியவற்றில் மதிப்பெண்ணுக்கெனத் தனிப் பரிசுத்தொகை கிடையாது. உதவி தேவையை ஒட்டியே வரும். எனவே கேட்பது இழிவன்று, அதுவே அங்குள்ள முறை. வட்டிக்கு அஞ்சும் நம் குடும்பங்களுக்கு இன்னொரு செய்தி: பிரின்ஸ்டன் 2001 இலேயே தன் உதவியிலிருந்து கடனை நீக்கி, திருப்பித் தர வேண்டாத கொடையாக மாற்றியது. ஆம்ஹர்ஸ்ட் போன்றவையும் அவ்வழியைப் பின்பற்றின. ஆகவே, வீட்டை அடகு வைத்து வட்டிக்கு வாங்கத் துணியுமுன் இக்கல்லூரிகளின் விதிகளைப் படியுங்கள்.

முடிவாக ஒன்று. பதினோராம் வகுப்பிலேயே ஆயத்தம் தொடங்குங்கள். இரு வகைக் கல்லூரிகளுக்கும் விண்ணப்பியுங்கள். உள்ளூரிலும் ஒரு நல்ல கல்லூரியில் இடம் தேடி வையுங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் திருப்பி அனுப்பும் வாசலில் மறுப்பு வந்தால், அது பிள்ளையின் அறிவுக்கு வந்த குறையன்று. அன்றைய தினம் அவனிடம் கடிந்து ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். முயற்சி நம்முடையது; முடிவு அல்லாஹ்வின் நாட்டம்.

வஸ்ஸலாம்.