வாய் உலர்வது அற்பமா?

நாவில் நீர் ஊறுவதை நாம் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. ஊறாதபோதுதான் அதன் அருமை தெரிகிறது.

சென்ற மாதம் நம் சங்கத்தின் சார்பில் இந்நகரத்து மருத்துவமனை ஒன்றுக்கு மொழிபெயர்க்கச் சென்றிருந்தேன். தமிழன்றி வேறு மொழி அறியாத ஓர் அம்மையார், "சோத்தைத் தண்ணி விட்டுத்தான் தம்பி முழுங்குறேன், ராத்திரியெல்லாம் நாக்கு ஒட்டிக்குது" என்றார். அதை எடுத்துச் சொன்னேன். "நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்" என்ற விடை கிடைத்தது. அத்துடன் முடிந்தது.

இது முறையன்று என்பதே என் கருத்து.

நலமுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அது குறைந்தால் பல் சொத்தையாகும். வாயில் பூஞ்சை படரும். உண்பதும் பேசுவதும் துன்பமாகும். காரணங்களோ பல. உட்கொள்ளும் மருந்தாக இருக்கலாம், நீரிழிவாக இருக்கலாம், வாய், கழுத்துப் புற்றுநோய்க்குத் தந்த கதிர்ச் சிகிச்சையாக இருக்கலாம், 1933இல் சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் விரித்தெழுதிய நோயாகவும் இருக்கலாம். காரணம் தேடாமல் தண்ணீரை மட்டும் சொல்வது, ஒழுகும் கூரையின் கீழ்ப் பாத்திரம் வைப்பதற்கு ஒப்பாகும்.

சுரப்பி வேலை செய்கிறதா என்று காண அணு மருத்துவத்தில் வழியுண்டு. டெக்னீஷியம்-99எம் என்னும் கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு ஊசி வழியே இரத்தத்தில் செலுத்துவர். அதன் பெர்டெக்னெட்டேட் அயனி அயோடைடை ஒத்திருப்பதால் உமிழ்நீர்ச் சுரப்பிகள் அதை ஈர்த்துக்கொள்ளும். காமா காமிரா தொடர்ந்து படமெடுக்கும். இடையில் எலுமிச்சைச் சாறு நாவில் விடப்படும். நல்ல சுரப்பியானால் சேர்த்ததை உடனே வாய்க்குள் சொரியும். படத்தில் அதன் ஒளி மங்கும். சுரப்பி ஈர்க்கவே இல்லையா, ஈர்த்தும் வெளிவிடவில்லையா என்பது தனித்தனியே தெரிந்துவிடும். பொருளின் அரைவாழ்வு 6 மணி நேரமே. சுரப்பியின் வடிவைக் காட்டும் படங்கள் பல உண்டு; இது அதன் உழைப்பைக் காட்டும் படம்.

ஆயினும் வாய் உலரும் அனைவருக்கும் இப்படம் எடுக்க வேண்டுமென நான் வாதாடவில்லை. செலவு மிகுதி, காமிராவும் எல்லா ஊர்களிலும் இல்லை. படம் குறையைக் காட்டுமேயன்றிக் காரணத்தைத் தானே சொல்லாது. ஷோகிரன் நோய்க்கு 2002இல் வகுத்த அளவுகோலில் இச்சோதனை இடம்பெற்றிருந்தது. 2016ஆம் ஆண்டு அளவுகோலில் இல்லை. உமிழ்நீரை அளப்பதோ இரண்டிலும் உண்டு. அதற்கு வேண்டியவை ஓர் அளவுக்குழாயும் கடிகாரமுமே. வாயில் தானே ஊறுவதை 15 நிமிடம் குழாயில் சேர்த்தால், 1.5 மில்லிலிட்டரோ அதற்கும் குறைவோ இருப்பின் சுரப்பு குன்றியதென அறியலாம்.

ஆகவே, முதலில் அளக்க வேண்டும். ஐயம் நீடித்தால் படம் எடுக்க வேண்டும். கதிர்ச் சிகிச்சை பெறுவோருக்கு முன்னும் பின்னும் எடுத்தால் எந்தச் சுரப்பி எவ்வளவு பிழைத்தது என்பது விளங்கும்.

நண்பர்களே! மொழிபெயர்க்கச் செல்லும் நாம் சொற்களை மட்டும் சுமந்து செல்வது போதாது. "அளந்து பார்த்தீர்களா?" என்று பணிவுடன் ஒரு கேள்வி கேட்கலாம். அன்று நான் அதைக் கேட்காமல் வந்துவிட்டேன். அந்த அம்மையார் தண்ணீர்ப் புட்டியுடன் ஊர் திரும்பினார்.