சொந்தக் குரலில் பேச ஒரு பிள்ளை வேண்டும்

நல்லதங்காள் நாடகம் போட ஏழு பிள்ளைகள் வேண்டும். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிக்கூடங்களுக்கா பஞ்சம், ஏழு பிள்ளைகள் கிடைக்காமலா போய்விடுவார்கள் என்று தோன்றும். நடிக்க ஆள் தேர்வு என்று அறிவித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாருங்கள், அப்போது தெரியும்.

இந்த நாடகத்தை நாங்கள் எடுத்ததற்குக் காரணம் உண்டு. நல்லதங்காள் பிறந்த ஊராக மக்கள் சொல்லும் அர்ச்சுனாபுரம் வத்திராயிருப்புக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே அவளுக்குக் கோயிலும் இருக்கிறது. மானாமதுரைக் காசிராஜனுக்கு வாழ்க்கைப்பட்டவள் பஞ்சம் தாங்காமல் ஏழு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அண்ணன் நல்லதம்பி வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் வீட்டில் இல்லாத நேரம். அண்ணி மூளி அலங்காரி பச்சைப் பிள்ளைகளின் பசியைக்கூடப் பொருட்படுத்தவில்லை. பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுவிட்டு நல்லதங்காளும் விழுகிறாள். சங்கரதாஸ் சுவாமிகள் நாடகமாக்கி, தென்மாவட்டம் முழுக்க விடிய விடிய அழுது பார்த்த கதை. நம் மலையடிவாரத்துக் கதையை நம் ஊர்ப் பிள்ளைகள் நடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டோம்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மாக்கள் வந்தார்கள். கதையைச் சொன்னதும் பாதிப் பேர் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். "கிணத்துல போடுற மாதிரியெல்லாம் வேணாம் சார். நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா யார் சார் பதில் சொல்றது?" அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. பெற்ற மனசு அப்படித்தான். ஆனால் இதே அம்மாக்களின் பாட்டிமார்கள் இந்த நாடகத்தை மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டுதானே பார்த்தார்கள்!

இருந்த பிள்ளைகளிடம் ஒரு வரி வசனத்தைக் கொடுத்துப் பேசச் சொன்னோம். "அம்மா, பசிக்குது" என்ற இரண்டே வார்த்தைதான். அப்போது ஒரு சிறுவன் கேட்ட கேள்வி இன்னும் மனசைப் பிசைகிறது: "ட்ராக் எப்ப சார் தருவீங்க?"

இப்போது பள்ளி ஆண்டு விழா நாடகங்கள் பெரும்பாலும் எப்படி நடக்கின்றன என்று பெற்றோர்களுக்குத் தெரியும். வசனம், பின்னணி இசை எல்லாவற்றையும் முன்கூட்டியே பதிவு செய்துவிடுகிறார்கள். யாரோ ஒரு ஆசிரியையின் குரல், இல்லாவிட்டால் ஸ்டுடியோவில் காசு கொடுத்து வாங்கிய குரல். விழா அன்று அது ஒலிபெருக்கியில் ஓட, பட்டு வேட்டியும் ஒட்டு மீசையுமாகப் பிள்ளைகள் வாயை மட்டும் அசைக்கிறார்கள். கட்டபொம்மன் வருகிறான், பாரதி வருகிறார், வேலுநாச்சியார் வருகிறார். ஒருவருக்கும் குரல் கிடையாது. வசனம் மறந்துவிடும், மைக் சரியாக எடுக்காது, தடுமாறினால் தலைமை விருந்தினர் முன்னால் மானம் போய்விடும் என்று காரணம் சொல்கிறார்கள். தடுமாறட்டுமே! எட்டு வயசுப் பிள்ளை தடுமாறாமல் வேறு யார் தடுமாறுவது? மேடையில் வசனம் மறந்துபோய், பக்கத்தில் நிற்பவன் எடுத்துக் கொடுக்க, சமாளித்துப் பேசி முடித்த பிள்ளைக்கு அன்றைக்குக் கிடைக்கும் தைரியத்தை எந்தப் பாடப்புத்தகம் கொடுக்கும்? பத்து வருஷமாக ஆண்டு விழாவில் நடித்த பிள்ளை என்று அழைத்து வருகிறார்கள். அந்தப் பத்து வருஷத்தில் ஒரு வரியைக்கூட அது சொந்தமாகப் பேசியதில்லை.

நாடகம் என்றால் குரல்தான் முதல் என்று இருந்த நாடு இது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற, சிறுவர்கள் நடிக்கும் பாய்ஸ் கம்பெனியைத் தொடங்கியபோது நாடக நடிகர் டி.கே. சண்முகத்துக்கு ஆறு வயசு. அந்த வயசில் அண்ணன்களோடு கம்பெனியில் சேர்ந்தவர் அவர். பாய்ஸ் கம்பெனிக்குப் பையனைச் சேர்க்க வந்தால் முதலில் பாடச் சொல்லுவார்கள். கடைசி வரிசைத் தரை டிக்கெட் வரைக்கும் எட்ட வேண்டும். குரல் உடையும் பருவம் வந்தால் நடிகனுக்கு நடுக்கம் பிடிக்கும்; வேஷம் கைவிட்டுப் போகும். அந்தக் கம்பெனிகளில் அடியும் பட்டினியும் இருந்தன, பிள்ளைகள் வீட்டை நினைத்து அழுதார்கள். அந்தக் கொடுமை திரும்பி வரவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. குரலை மட்டும் ஏன் அதோடு சேர்த்துத் தூக்கிப் போட்டோம் என்றுதான் கேட்கிறேன்.

பெரியவர்கள் கதை வேறு. மில்லில் வேலை பார்க்கும் பையன்கள் ஆசையாக வருகிறார்கள். நல்ல முகம், நல்ல உடம்பு, பேச்சிலும் ஒரு வேகம் இருக்கிறது. ஆனால் ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். இந்த வாரம் நல்லதம்பி வந்தால் காசிராஜன் நைட் ஷிப்ட். அடுத்த வாரம் காசிராஜன் வருவான், நல்லதம்பி வரமாட்டான். அண்ணனும் மச்சானும் ஒத்திகையில் முகம் பார்த்துக்கொள்வதே அபூர்வம். பெண் வேஷத்துக்கு உள்ளூரில் ஒருவர் முன்வந்தால், வீட்டில் ஆயிரம் கேள்வி. "ஊரே பார்க்கும்" என்பார்கள். ஊர் பார்க்கத்தானே நாடகம்? கடைசியில் மதுரையிலிருந்து சம்பளம் பேசி அழைத்து வர வேண்டியிருக்கிறது. வருகிறவர்களில் சிலர் முதல் கேள்வியாகவே, இதில் நடித்தால் சினிமாவில் சான்ஸ் கிடைக்குமா என்கிறார்கள். கிடைக்காது தம்பி. நம் ஊர்க்காரர்கள் முன்னால் ஒரு ராத்திரி நல்லதம்பியாக வாழலாம், அவ்வளவுதான்.

பங்குனி, சித்திரை பிறந்தால் சுற்றுப்பட்டு ஊர்களில் ஸ்பெஷல் நாடகம் நடக்கிறதே என்பீர்கள். நடக்கிறது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர். ஒத்திகை கிடையாது. ராத்திரி மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள், விடியும்வரை வள்ளி திருமணத்தை நடத்திவிடுகிறார்கள். சுவாமிகளின் பாட்டும் வசனமும் அத்தனை பேருக்கும் தலைகீழ்ப் பாடம் என்பதால்தான் அது முடிகிறது. அவர்கள் கலைஞர்கள், கும்பிட வேண்டியவர்கள். ஆனால் அவர்களை வரவழைத்துப் பார்க்கிற ஊர், தன் பிள்ளை ஒன்றை அந்த மேடையில் ஏற்ற ஒரு வழியும் வைத்திருக்கவில்லை. இதே மாவட்டத்துச் சிவகாசியில் பிறந்த விஸ்வநாததாஸ், 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேஷத்தோடு மேடையிலேயே உயிரை விட்டார். அவர் பிறந்த மண்ணில் இன்று நாடகம் கற்றுக்கொள்ள ஒரு பையன் எங்கே போவான்?

எல்லாத் தடையும் தாண்டி நாடகத்தன்று மேடைக்கு வந்துவிட்டோம் என்று வையுங்கள். அங்கே காத்திருக்கிறது பொன்னாடை. வரவேற்புரை, முன்னிலை, தலைமை, வாழ்த்துரை, ஒவ்வொருவருக்கும் ஒரு சால்வை, ஒரு நினைவுப் பரிசு, ஒரு போட்டோ. பேசுகிறவர், "நேரமின்மை காரணமாக" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசுகிறார். உள்ளே அரிதாரம் பூசிய பிள்ளைகள் வியர்த்து, பசித்து, தூங்கி விழுகிறார்கள். ஒன்பது மணிக்கு மேடையை எங்களிடம் தருகிறார்கள். திறந்த வெளியில் இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. மாநில அரசு வருஷத்தில் பதினைந்து நாளுக்கு மிகாமல் பன்னிரண்டு மணி வரை தளர்த்தலாம், அவ்வளவே. எங்கள் நல்லதங்காள் கிணற்றடிக்கு வந்து சேர்வதற்குள் காவலர் வந்து நிற்கிறார். அவர் மேல் தப்பில்லை. நோயாளியும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் தூங்க வேண்டும். நாடகத்தின் நேரத்தைத் தின்றது பேச்சு.

இதே விதி, மூடிய அரங்குக்குள் உள்ளே இருப்பவர்களுக்காக மைக் வைப்பதை விலக்கியிருக்கிறது. எங்களுக்கு வேண்டியதும் அதுதான். ஒரு சின்ன அரங்கு. இன்ன மாதம் ஆள் தேர்வு, இன்ன மாதம் இன்ன நாடகம் என்று வாசலில் ஒரு பலகை. பெரிய ஆசையா இது? கர்நாடகத்தில் ஹெக்கோடு என்று பாக்குத் தோட்டம் சூழ்ந்த சிற்றூர். அங்கே 1949-இல் தொடங்கிய நீநாசம், நாடகப் பள்ளி நடத்துகிறது, ஊர் ஊராகப் போய் நாடகம் போடும் குழு வைத்திருக்கிறது. அதை வளர்த்த கே.வி. சுப்பண்ணா 1991-இல் மகசேசே விருது பெற்றார். இத்தனை மில்லும் இத்தனை வியாபாரமும் உள்ள ராஜபாளையம் அந்தச் சிற்றூருக்குக் குறைந்ததா? 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசுவாமி ராஜா, கலைக்காகத் தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த ஊர் இது. ஆண்டாள் கோயிலில் அரையர்கள் தாளத்தைக் கையில் பிடித்துப் பாசுரத்தைப் பாடி, அபிநயித்து, பொருள் சொல்லும் சேவை வழிவழியாக நடந்துவரும் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். இரண்டுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான்.

அரங்கு கட்டும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இரண்டு ஊரிலும் கல்யாண மண்டபங்கள் வரிசையாக நிற்கின்றன. நாடகத்துக்குக் கேட்டால் முகூர்த்த நாள் வாடகையே சொல்கிறார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாமல் அவற்றில் பெரும்பாலானவை பூட்டித்தான் கிடக்கின்றன. மண்டபம் வைத்திருக்கும் பெரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அந்த இரண்டு மாதமும் மின்சாரக் கட்டணத்தையும் துப்புரவுக் கூலியையும் மட்டும் வாங்கிக்கொண்டு எங்களுக்குத் திறந்து விடுங்கள். பள்ளி ஆசிரியர்களே, அடுத்த ஆண்டு விழாவில் ஒரே ஒரு நாடகத்தையாவது ட்ராக் இல்லாமல் பிள்ளைகளின் குரலிலேயே நடத்துங்கள். பெற்றோர்களே, பிள்ளையை அனுப்பிவையுங்கள். எங்களுக்கு இன்னும் மூன்று பிள்ளைகள் தேவை.