துக்க வீட்டில் கேமராவுக்கு என்ன வேலை?

2019 அக்டோபர் 25 மாலை, மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. 29ஆம் தேதி அதிகாலை உடல்தான் கிடைத்தது. இடையில் தீபாவளி வந்து போனது. தொலைக்காட்சி நேரலை மட்டும் ஓயவில்லை. ஏன் இப்படி என்று கேட்டால் இன்றைக்கும் ஒரே பதில்தான்: "காட்டினால்தானே மக்களுக்கு விழிப்புணர்வு வரும்?" பார்த்தவர்களும் அப்படியே நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு.

கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2010லேயே நெறிமுறைகள் வகுத்துவிட்டது. அவற்றை நிறைவேற்றாமல் விட்டது யார் என்று கேட்டு, ஒன்பது ஆண்டுகளில் ஒரு நாளாவது கேமராக்கள் ஊராட்சி அலுவலகங்களின் முன்னால் போய் நின்றிருந்தால், அது விழிப்புணர்வு. குழிக்குள் அசைந்த பிஞ்சுக் கையைத் திரும்பத் திரும்ப ஓட்டியது வேறு கணக்கு. அந்தச் சாவுக்குப் பிறகு பல கிணறுகள் மூடப்பட்டன என்பார்கள். மூடப்பட்டது உண்மைதான். அதற்குக் குழந்தை இறந்த செய்தி போதும்; அந்தக் கையைக் காட்டியிருக்க வேண்டியதில்லை.

மீட்புக்குத் துணிப்பை வேண்டும் என்றார்கள். பெற்ற தாயே தையல் மிஷினில் உட்கார்ந்து தைத்தார். பிள்ளை உயிரோடு வந்துவிடும் என்று ஒருத்தி குனிந்து தைத்துக்கொண்டிருக்கும்போது, அந்த முகத்தைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்ட யார் உரிமை கொடுத்தது? வேண்டாம் என்று சொல்லும் நிலையிலா அவர் இருந்தார்?

நம் ஊர்களில் பிணத்தைக் குளிப்பாட்டும்போது நாலு பேர் சேலையை விரித்து மறைப்புப் பிடிப்பார்கள். செத்தவருக்கும் மானம் உண்டு என்பது எழுத்தறியாத கிழவிக்கும் தெரியும். அதே ஊரில் இன்று ஒரு நடிகர் இறந்தால், அஞ்சலி செலுத்த வருகிறவர் காரிலிருந்து இறங்குவதற்குள் பத்து மைக் நீள்கிறது. மகள் கதறினால் கேமரா நெருங்குகிறது. கீழே சிவப்புப் பட்டையில் 'கண்ணீர்க் காட்சிகள்'.

சடலங்களையும் ரத்தக் காயங்களையும் நெருக்கத்தில் காட்டாதீர்கள் என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2023 ஜனவரியில் தொலைக்காட்சிகளுக்கு அறிவுறுத்தியது. அதற்குப் பிறகும் கேமராக்கள் பின்வாங்கவில்லை.

செய்தி ஆசிரியர்களே, இறந்தவர் யார், எப்படி இறந்தார், யார் பொறுப்பு என்பதைச் சொல்லுங்கள், விடாமல் கேளுங்கள். குடும்பத்தார் அழைக்காமல் அந்த வீட்டு வாசலைத் தாண்டாதீர்கள். பார்க்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அழுகிற முகம் திரையில் வந்ததும் சேனலை மாற்றிவிடுங்கள்.