உட்கார்ந்து பேசிய ஊர்

மும்பைக்குப் பக்கத்தில் பிவண்டி. விசைத்தறி ஊர். 1970லும் 1984லும் மதக் கலவரத்தில் ரத்தம் சிந்தியது. 1988ல் அங்கே போலீஸ் துணை கமிஷனராக இருந்த சுரேஷ் கோபடே லத்தியை மட்டும் நம்பவில்லை. பேட்டைக்குப் பேட்டை இந்துக்களையும் முஸ்லிம்களையும் சேர்த்து மொஹல்லா கமிட்டி அமைத்தார். போலீஸ்காரரும் கூடவே உட்கார்ந்தார். அலசியது தத்துவமல்ல, அக்கம்பக்கத்துத் தகராறுகள்தான். வெட்டிப்பேச்சு என்று அவசரக்காரர்கள் சிரிக்கலாம். 1992 டிசம்பரில் மும்பை பற்றி எரிந்தது, பிவண்டி எரியவில்லை. புரளி கிளம்பினால் போய் விசாரிக்கத் தெரிந்த முகம் ஒன்று தெருவில் இருந்தது.

இப்போது புரளி செல்போனில் வருகிறது, விசாரிக்க நேரமில்லை. எங்கள் மாடியில் எதிர்வீட்டுக்காரர் பெயரே போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. தபால்காரர் கடிதத்தை மாற்றிப் போட்ட புண்ணியம்.