சரித்திரம் சொல்லும் சுண்டெலி!

ஒரு சுண்டெலி. அது ஒரு பெரிய மனிதரின் தொப்பிக்குள் குடியிருக்கிறது. காதோரம் இருந்தபடியே அவருக்கு யோசனை சொல்கிறது. உலகம் அந்த மனிதரைப் புகழ்கிறது. எல்லாம் தன்னால் வந்த பெருமை என்கிறது எலி!

அந்த மனிதர் அமெரிக்க மேதை பெஞ்சமின் பிராங்ளின். எலியின் பெயர் ஆமோஸ். 'பென்னும் நானும்' என்ற இந்தப் புத்தகம் 1939-ல் வெளிவந்தது. கதை எழுதியவரும், படம் போட்டவரும் ஒருவரே. அவர் ராபர்ட் லாசன்.

எலி சும்மா வேலை செய்யவில்லை. அதன் ஏழைக் குடும்பத்துக்குப் பாலாடைக் கட்டியும் ரொட்டியும் கோதுமையும் கொடுக்கவேண்டும் என்பது ஒப்பந்தம்!

பெருமை குறையுமா?

பெரியவர்களை இப்படிக் கேலி செய்யலாமா என்று சிலர் கேட்கலாம். பொய்யைக் குழந்தை சரித்திரம் என்று நம்பிவிடாதா என்றும் கேட்கலாம்.

நம்பாது. நரி, காக்கையைப் பாடச் சொன்ன கதையைக் கேட்காத குழந்தை உண்டா? அதற்காக எந்தக் குழந்தையாவது நரி பேசும் என்று காத்திருக்கிறதா? எலி பேசாது என்பது குழந்தைக்குத் தெரியும். அதனால்தான் சிரிக்கிறது.

சிரித்த பிறகு அது ஒரு கேள்வி கேட்கும். "அப்பா, அந்த அடுப்பை உண்மையில் யார் செய்தது?"

அந்தக் கேள்விதான் லாபம்! வெறும் தேதிகளை மனப்பாடம் செய்யும் பிள்ளை இப்படிக் கேட்பதில்லை.

பதில் சொல்வது பெற்றோர் கடமை. குளிர் நாட்டு வீடுகளில் சுவரோரம் நெருப்பு எரியும். அனலில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக வீணாகப் போகும். அதைத் தடுக்க 1742-ம் ஆண்டு வாக்கில் இரும்பு அடுப்பு ஒன்றை அமைத்தவர் பிராங்ளின்தான், எலி அல்ல.

பட்டம் ஆபத்து!

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று காட்ட, 1752-ல் பிராங்ளின் பட்டம் விட்டார். கதையில் எலி பட்டத்திலேயே ஏறிப் போய் அதிர்ச்சி அடைகிறது. படிக்கச் சிரிப்பு வரும்.

ஆனால் 1753-ல் ரஷியாவில் ரிச்மன் என்ற விஞ்ஞானி, கம்பி வைத்து மின்னலைச் சோதித்தபோது உயிரிழந்தார். இடி மழையில் பட்டம் விடக்கூடாது என்று புத்தகத்தை மூடும் முன்பே குழந்தைக்குச் சொல்லிவிட வேண்டும்.

யாரைப் பார்த்துச் சிரிப்பது?

லாசன் 1941-ல் கொலம்பஸ் கதையையும் எழுதினார். அதில் பேசுவது ஒரு கிளி. கொலம்பசைக் கடல் கடக்கத் தூண்டியதே தான்தான் என்கிறது கிளி!

தற்பெருமைக்காரரைப் பார்த்துச் சிரிக்கலாம். தவறில்லை. ஆனால் கொலம்பஸ் போய் இறங்கிய தீவுகளின் மக்கள் பட்ட பாடு சிரிப்பதற்கு உரியது அல்ல. 1495-ல் அவர்களில் நூற்றுக்கணக்கானோர் அடிமைகளாக ஸ்பெயினுக்குக் கப்பல் ஏற்றப்பட்டார்கள். கிளியின் கதையோடு நின்றுவிட்டால், இது குழந்தைக்குத் தெரியாமலே போய்விடும்.

பிராங்ளினும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். பிறகு மனம் மாறினார். 1787-ல் அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட சங்கத்துக்கே தலைவர் ஆனார். தவறு செய்த மனிதர் திருந்தினார் என்பதைக் குழந்தை அறிவது நல்லதல்லவா?

ஆகவே இத்தகைய புத்தகங்களைத் தடுக்க வேண்டாம். தாராளமாக வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் கொடுத்துவிட்டு அப்பால் போய்விடக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படிக்கவேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் தாய்க்கும் இது முடியும். பக்கத்துக்குப் பக்கம் படம் துணை செய்யும்.

சிரிக்க வைப்பது எலியின் வேலை. உண்மையைச் சொல்வது வீட்டாரின் வேலை. இரண்டும் சேர்ந்தால் சரித்திரம் கசக்காது!